முதுகில் ஒன்பது

தை மாசத்துப் பனி இன்னும் விலகியிருக்கவில்லை. களத்தில் சாமைக் கதிரைப் பரப்பி மாடு ஓட்டிக்கொண்டிருந்த கண்ணாயி, ஒற்றையடித் தடத்தில் ஏறி வரும் ஆளை உயரத்தை வைத்தே தன் புருசன்தான் என்று கண்டுகொண்டாள். பேர்தான் சின்னான். மலைமேலிருந்த அந்த வளப்பூர் நாட்டில் அவனோடு பேச வேண்டுமானால் எல்லோரும் அண்ணாந்துதான் பேச வேண்டும். தலையில் துண்டு, தோளில் பை, காலில் வெள்ளைக் கித்தான் சூசு. அந்தச் சூசைப் பார்த்ததும் மாட்டின் பின்னால் நடந்துகொண்டிருந்த ரெண்டு பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"வாங்க" என்றாள் கண்ணாயி. அதற்கு மேல் களத்தில் வைத்து என்ன பேசுவது.

வீட்டில் மாமியார் குப்பாயி கேழ்வரகுக் களி கிளறி, மொச்சையும் பலாக்கொட்டையும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மகன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கண்ணாயி பார்த்தது அவன் கையை. கலப்பை பிடித்துக் காய்த்துக் கிடந்த உள்ளங்கை இப்போது மெத்தென்று இருந்தது. விரல் நுனிகள் மட்டும் கறுத்துத் தடித்திருந்தன. எந்த வேலை செய்தால் ஒருவனுக்கு விரல் நுனி மட்டும் காய்க்கும்? மண்வெட்டி பிடித்தால் அங்கே காய்க்காது. மூட்டை தூக்கினாலும் காய்க்காது.

"மில்லுல உங்களுக்கு என்ன வேலைங்க?"

"எத்தன வாட்டி சொல்றது புள்ள? பந்து ஆடுறேன்."

"அது ஆட்டம். நான் வேலையக் கேட்டேன்."

"அதுதான் வேலை."

"பந்து ஆடுறதுக்கு ஒருத்தன் கூலி குடுப்பானா?"

"குடுக்கிறானே."

குப்பாயி இன்னொரு உருண்டைக் களியைத் தட்டில் போட்டாள். "திங்கிற நேரத்துல என்ன விசாரணை? பையன் எளைச்சுப் போயிருக்கறான்."

அவன் இளைக்கவில்லை. அதுவும் கண்ணாயிக்கு உறுத்தியது. கீழ்நாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் காய்ச்சல் கண்டு எலும்பும் தோலுமாகத்தான் மலையேறினார்கள். இவன் மட்டும் தோள் அகன்று, கன்னம் மின்ன வந்து உட்கார்ந்திருக்கிறான்.

அவன் போனது இப்படித்தான். ஒரு ஆடி மாசம் அறப்பளீசுவரர் கோயில் திருவிழாவுக்குக் கீழேயிருந்து கூட்டம் வந்தபோது, சேலத்துப் பக்கத்து மில் ஒன்றின் மேனேசரும் வந்திருந்தார். வழியில் ஒரு பலா மரத்தில் ஆள் ஏறிக் காய் வெட்டிப் போட, கீழே சின்னான் சாக்கை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு காயும் மண்ணில் விழவில்லை. மேனேசர் நின்று பார்த்தார். மரத்தைப் பார்க்கவில்லை, ஆளைத்தான் பார்த்தார். மறு வாரமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். முதல் வருசம் பழகினான், அடுத்த வருசம் ஆடினான், இப்போது அவன் இல்லாமல் அந்த மில்லுக்கு ஆட்டமே இல்லை. இதெல்லாம் அவன் சொன்னது. பார்த்தவர் மலையில் யாரும் இல்லை.

இந்தத் தடவை வந்தவன் நாலைந்து நாளில் கிளம்பிவிட்டான். கிளம்பின அவசரத்தில் ஒரு பனியனை விட்டுவிட்டுப் போனான். குப்பாயி அதை ஓடையில் அலசி வேலிமேல் காயப்போட்டாள். வெள்ளைப் பனியன். முதுகுப் பக்கம் சிவப்புத் துணியில் ஒரு நம்பர் வெட்டித் தைத்திருந்தது. ஒன்பது.

ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி அந்த வழியாகப் போனவர் வேலியருகே நின்றார். ஒரு நிலத் தகராறில் சாட்சி சொல்லச் சேலம் வரை போய்வந்தவர் அவர். ஊரில் அவருக்கிருந்த மரியாதையில் பாதி அந்தப் பயணத்தால் வந்தது.

"குப்பாயி, இது யாருது?"

"பையனுதுங்க."

"இந்த நம்பரு?"

"மில்லுல தெச்சுக் குடுத்ததாமுங்க."

கவுண்டர் பனியனைத் தொடவில்லை. கைத்தடி நுனியால் தூக்கிப் பார்த்தார். "சேலத்துல ரோட்டோரம் கல்லு ஒடைக்கிறவனுவளப் பாத்திருக்கறேன். செயிலுக்காரனுவ. ஒவ்வொருத்தன் துணியிலயும் இப்பிடித்தான் நம்பரு இருந்துது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கண்ணாயி தண்ணிக்குப் போனால் அங்கே நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சூசு திருடினது என்றாள் ஒருத்தி. பட்டாளத்திலிருந்து ஓடி வந்து ஒளிந்திருக்கிறான் என்றாள் இன்னொருத்தி. அவன் காலில் ஒரு தழும்பு இருந்ததே, விலங்கு போட்ட தழும்புதானே அது? கண்ணாயி அந்தத் தழும்பைப் பார்த்திருந்தாள். முட்டிக்குக் கீழே இருந்தது. விலங்கை முட்டியிலா போடுவார்கள்? ஆனால் வாயைத் திறந்து கேட்க முடியவில்லை. அவளுக்கே நிச்சயமில்லாத ஒன்றுக்காக எப்படிச் சண்டை போடுவது?

மாசி மாசம் மலை ஊர்ப் பெரியவர்கள் நியாயம் பேசும் நாட்டுக்கூட்டம் கூடியது. செயிலுக்குப் போனவன் வீடு என்றால் அந்த வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது, பங்குனிப் பொங்கலுக்கு அவர்கள் பானையும் கோயில் முன்னால் ஏறக் கூடாது. பொங்கலுக்குள் விசயம் தெளிவாக வேண்டும் என்று சொல்லிக் கூட்டம் கலைந்தது.

கண்ணாயியின் அண்ணன் காளியண்ணன் கூட்டத்திலிருந்து நேராகத் தங்கை வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றானே தவிர உள்ளே வரவில்லை, தண்ணி வாங்கிக் குடிக்கவும் இல்லை.

"தாயி, துணிமணிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு. தீத்து உட்டறலாம். உனக்கு என்ன வயசாச்சு? நல்ல எடமாப் பாத்துக் குடுத்தறலாம்."

"என்ன தப்புப் பண்ணுனாருன்னு தீத்து உடறது?"

"அதான் தெரியலியே. தெரியாததுதான் தப்பு."

"தெரியலைன்னா போய்ப் பாப்பம்."

"எங்க?"

"அந்த மில்லுக்கு. பந்து ஆடுறேன்னுதானே சொல்றாரு? ஆடுறாரா இல்லியான்னு என் கண்ணுல பாக்கறேன். இல்லைன்னா அங்கிருந்தே உன்ற ஊட்டுக்கு வந்தர்றேன்."

குப்பாயி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். மகனைச் சந்தேகப்படுகிறாயா என்று கேட்பாள் என்று கண்ணாயி நினைத்தாள். "போயிட்டு வா கண்ணு. எனக்கும் தெரியோணும்" என்றாள் குப்பாயி.

விடியலில் அண்ணனும் தங்கையும் புறப்பட்டு மலை இறங்கினார்கள். இறங்க இறங்கக் குளிர் விட்டுப்போய்க் காற்று சுடத் தொடங்கியது. காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் நின்றிருந்தது. யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் ஒரு அடுப்பை மாட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து ஓட்டினார்கள். டிரைவர் குழந்தைசாமி கம்பியால் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். எந்த ஊர், எதற்குப் போகிறீர்கள் என்று விசாரித்தவன், மில் பேரைச் சொன்னதும் நிமிர்ந்தான்.

"மில்லுல யாருங்க உங்களுக்கு?"

"இவ ஊட்டுக்காரரு. சின்னான்னு பேரு."

"நெட்டையனா?" குழந்தைசாமி கம்பியைக் கீழே போட்டான். "ஏனுங்க அம்மிணி, நெட்டையன் சம்சாரமா நீங்க? முன்னாடி வந்து உக்காருங்க. இன்னைக்கு ஆட்டமுங்க. பட்டாளத்துத் தொரைமாருங்க கூட. நானே இந்த டிரிப்ப முடிச்சுட்டு அங்கதான் போறேன்."

காளியண்ணன் தங்கையைப் பார்த்தான். கண்ணாயி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் ஒருத்தன் சொல்லிவிட்டால் ஆயிற்றா? இவனும் கூட்டாளியாக இருக்கலாம்.

மில் வாசலில் காவல்காரன் போய்ச் சொன்னதும் சின்னான் ஓடி வந்தான். முதுகில் ஒன்பது போட்ட வேறொரு பனியன். பெண்டாட்டியையும் மச்சானையும் பார்த்தவன் முகத்தில் சந்தோசம் வரவில்லை. திக்கென்று நின்றான்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லீங்க. சும்மா உங்களப் பாக்கத்தான்."

"இன்னைக்கா வரோணும்?" குரலைத் தாழ்த்தினான். "மச்சான், இவள லைன் ஊட்டுல கொண்டுபோய் உடறேன். ரெண்டு பேரும் படுத்து எந்திரிங்க. நாளைக்கு ஊரு சுத்திப் பாக்கலாம். ஆட்டம் இன்னைக்கு வேண்டாம்."

"ஆட்டத்தப் பாக்கத்தாங்க வந்தோம்" என்றாள் கண்ணாயி.

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். உள்ளிருந்து விசில் கேட்டது. போய்விட்டான்.

காளியண்ணன் மெதுவாகச் சொன்னான்: "பாத்தியா மூஞ்சிய? என்னமோ இருக்குது."

மில்லுக்குப் பின்னால் மண்தரையை இறுக்கிக் கட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். ரெண்டு முனையிலும் கம்பம் நட்டு, மேலே பலகை அடித்து, பலகையில் இரும்பு வளையம். வளையத்தில் அடி இல்லாத வலை தொங்கியது. ஒரு பக்கம் நாற்காலிகள் போட்டுத் துரைமார்களும் மேனேசரும் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற மூன்று பக்கமும் மில் சனம். நூல் தூசு படிந்த தலையோடு மில்லில் வேலை செய்யும் பெண்கள் நகர்ந்து கண்ணாயிக்கு இடம் விட்டார்கள். "நெட்டையன் சம்சாரமாம்" என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னதில் கேலி எதுவும் இல்லை.

பந்து மேலே போனது. துரைமாரில் ஒருவனும் சின்னானும் ஒன்றாக எம்பினார்கள். சின்னான் கைதான் மேலே இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததைக் கண்ணாயியால் வரிசையாகச் சொல்ல முடியாது. தரையில் தட்டிக்கொண்டே ஓடினான். பந்து அவன் கையோடு ஒட்டி வந்தது. ரெண்டு வெள்ளைக்காரர்கள் குறுக்கே நின்றபோது ஒரு தோளைச் சாய்த்து மறு பக்கம் போனான். நின்ற இடத்திலிருந்து எம்பி, விரல் நுனியால் பந்தை விட்டான். அது வளையத்தைத் தொடாமலே வலைக்குள் இறங்கியது. சனம் எழுந்து கத்தியது. விரல் நுனி ஏன் காய்த்தது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒருமுறை ஒரு துரையோடு மோதி விழுந்து முட்டிக்குக் கீழே சிராய்த்துக்கொண்டு எழுந்தான். தழும்புக்கும் பதில் கிடைத்தது.

காளியண்ணன் முண்டாசை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டிருந்தான். "போடு மாப்ள! போடு!" தங்கையின் கல்யாணத்தை முறிக்க வந்தவன் அவன்தான் என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணாயிக்கு வெட்கமாக இருந்தது. இவனையா சந்தேகப்பட்டோம்.

இடைவேளை விட்டார்கள். ஆட்டக்காரர்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் கடித்தார்கள். மேனேசர் நாற்காலியிலிருந்து எழுந்து, சிரித்த முகமாக அங்கே போனார். சின்னானைத் தனியாகக் கூப்பிட்டார். தோளில் கை போட எட்டவில்லை, முழங்கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். சின்னான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையாட்டினான்.

அதற்குப் பிறகு அவன் போட்ட பந்துகள் இரும்பில் பட்டுத் திரும்பத் தொடங்கின. களைத்துவிட்டான் என்றாள் பக்கத்தில் இருந்தவள். கண்ணாயிக்கு அப்படித் தோன்றவில்லை. மூச்சு வாங்குகிறவன் மூக்கு விடைக்கும், வாய் திறக்கும். இவன் வாய் மூடியே இருந்தது. துரைமார் ஒன்றொன்றாகப் போட்டுச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள்.

கடைசியில் துரைமார் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தபோது, ஒரு துரை சின்னானைத் தள்ளிவிட்டான். விசில். யாரும் மறிக்கக் கூடாது, கோட்டில் நின்று ரெண்டு தடவை அவன் பந்தைப் போடலாமாம். பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். கூட்டம் மூச்சு விடவில்லை. சின்னான் பந்தைத் தரையில் தட்டினான். ஒரு கணம் கண்ணாயி இருந்த பக்கம் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். முதல் பந்து வளையத்தின் முன்பக்கம் இடித்து விழுந்தது. ரெண்டாவது அதே இடத்தில் இடித்து விழுந்தது.

துரைமார் ஜெயித்தார்கள். மேனேசர் முதல் ஆளாக எழுந்து கைதட்டினார். மாலை போட்டார்கள், கை குலுக்கினார்கள்.

"ச்சே, கை தவறிப்போச்சு" என்று காளியண்ணன் முண்டாசைக் கட்டிக்கொண்டான். "இருந்தாலும் மாப்ள மாப்ளதான்."

கண்ணாயி அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தவறினால் ஒரு பந்து இந்தப் பக்கம் போகும், ஒன்று அந்தப் பக்கம் போகும். ரெண்டும் ஒரே இடத்தில் போய் இடிக்குமா?

மில் ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீட்டில் சின்னான் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தான். காளியண்ணன் வெளியே போய் மில் ஆட்களோடு ஆட்டத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டான். கண்ணாயி டம்ளரைத் தொடவில்லை.

"மேனேசரு உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"நல்லா ஆடுன்னாரு."

"நல்லா ஆடுன்னு சொல்றதுக்கு எதுக்குத் தனியாக் கூப்புடோணும்?"

சின்னான் சூசைக் கழற்றக் குனிந்தான்.

"என்னைப் பாருங்க. கை தவறிப்போச்சா?"

"அதான் பாத்தியே."

"பாத்தேன். அதனாலதான் கேக்கறேன்."

அவன் வெகு நேரம் சூசுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். "பட்டாளத்துக்குத் துணி குடுக்கற ஆர்டரு அந்தத் தொரைங்க கையில இருக்குது. அவிய மனசு குளிரோணுமாம். தோத்தாத்தான் மில்லு ஓடும்னாரு. இத்தன சனம் பொழைக்குது, உன் ஒரு ஆட்டம் பெரிசான்னாரு. நான் என்ன சொல்லட்டும்?"

"காலையிலயே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அதான் உன்னைய ஆட்டத்துக்கு வர வேண்டாம்னேன். ஆட ஆரம்பிச்சதும் மறந்துபோச்சு, மறுபடியும் வந்து ஞாபகப்படுத்துனாரு."

"இதுக்கு முன்னாடி?"

அவன் அவிழ்த்த கயிற்றை விரலில் சுற்றினான்.

"இதுக்கு முன்னாடியும் இருக்குது இல்லீங்களா?"

"இருக்குது" என்றான் சின்னான். "ஆனா கண்ணாயி, ஊட்டுல உன்கிட்ட ஒரு பொய்யும் நான் சொன்னதில்ல."

"அத்தன சனத்துக்கு முன்னால முழுசாப் பொய் ஆடுனீங்க. ஒருத்தருக்கும் தெரியல. ஊட்டுல சொன்னா மட்டும் எனக்கு எப்பிடித் தெரியும்?"

காபி ஆறிப்போய் ஆடை கட்டியது. காளியண்ணன் உள்ளே வந்து அதையும் சேர்த்துக் குடித்தான்.

நாட்டுக்கூட்டத்தில் காளியண்ணன்தான் சாட்சி சொன்னான். எம்பிக் காட்டினான், குனிந்து காட்டினான், ஆட்டக்காரர்கள் எல்லோர் முதுகிலும் நம்பர் இருந்ததைச் சொன்னான். "வெள்ளக்காரத் தொரை முதுகுலயும் நம்பருங்க. அப்ப அவனும் செயிலுக்காரனா?" கூட்டம் சிரித்தது. அர்த்தனாரிக் கவுண்டர் சிரிக்கவில்லை.

"அத்தன பெரிய ஆட்டக்காரன் ஏன் தோத்தான்?"

"கை தவறிப்போச்சுங்க."

கவுண்டர் கண்ணாயியைப் பார்த்தார். "நீ சொல்லு தாயி. நீயும் பாத்தீல்ல?"

கண்ணாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "பந்து ஆடறதுதாங்க அவிய வேலை. என் கண்ணுல பாத்தேன்" என்றாள். கேட்டதற்கு அது பதில் இல்லை. கவுண்டர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, பானை ஏறலாம் என்று சொல்லிவிட்டார். பங்குனிப் பொங்கலன்று குப்பாயி நெஞ்சை நிமிர்த்திப் பொங்கல் வைத்தாள். கண்ணாயி அடுப்பில் சுள்ளி தள்ளிக்கொண்டிருந்தாள். ஊரின் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அவளுடையது அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

ஆடி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் சின்னான் மலையேறி வந்தான். வெறுங்கால். பையில் ரெண்டு வேட்டி, ஒரு துண்டு. நம்பர் போட்ட பனியன்களையும் சூசையும் மில்லிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

"ஏன்டா சாமி, என்ன ஆச்சு?" என்று குப்பாயி பதறினாள்.

"வேலையிலிருந்து நிறுத்திட்டாங்கம்மா." ஈரத் துண்டைப் பிழிந்தான். பிறகு கண்ணாயியைப் பார்த்துச் சொன்னான்: "மறுபடியும் தொரைமாருங்க கூட ஆட்டம். மறுபடியும் தோக்கச் சொன்னாரு. நான் தோக்கல."

"சரிங்க" என்றாள் கண்ணாயி. "தலையத் தொவட்டுங்க."

அவன் நடையில் லேசான தாங்கல் இருந்தது. ஏறி வந்த களைப்பா, முட்டி போய்விட்டதா? முட்டி போனவனை எந்த மில் வைத்துக்கொள்ளும்? காளியண்ணன் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, கிளம்பும்போது தங்கையிடம் அதையேதான் சொன்னான்: "கால் போச்சுன்னு தொரத்தியிருப்பாங்க. ஆம்பள, அத எப்பிடிச் சொல்லுவான்?"

சின்னான் மறுபடியும் மண்வெட்டியை எடுத்தான். வரப்பை வெட்டினான், மழையில் சரிந்த கல்கட்டை எடுத்துக் கட்டினான். மில்லைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண்ணாயியும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்வான். அது மெய்யா என்று யாரிடம் போய்க் கேட்பது?

மழை விட்டுக் கொஞ்சம் வெயில் தலைகாட்டிய நாளில், பலாப்பழம் விற்கப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு மற்றப் பெண்களோடு சுமை தூக்கிக்கொண்டு காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கினாள். பழத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கரி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றாள். குழந்தைசாமி அவளைக் கண்டதும் இறங்கி வந்தான். முகம் வாடிப்போயிருந்தது.

"அம்மிணி, அவரு எப்பிடி இருக்கறாரு?"

"இருக்கறாருங்க. எதுக்கு நிறுத்துனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அவரு சொல்லலீங்களா?"

"சொன்னாரு. நீங்க சொல்லுங்க."

குழந்தைசாமி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நான் அங்கதாங்க நின்னேன். எடவேளையில மேனேசரு போயிப் பேசுனாரு. நெட்டையன் தலையாட்டலீங்க. அப்பறம் ஆடுனாரு பாருங்க, அது மாதிரி நான் ஒருக்காலும் பாத்ததில்ல. ஒரு தொரை முட்டியில எட்டி இடிச்சான். நொண்டிக்கிட்டே ஆடுனாரு. கடைசிப் பந்து, பாதிக் களத்துல இருந்துங்க. அங்கிருந்து யாரும் போட மாட்டாங்க. போட்டாரு. வலைக்குள்ள நேரா எறங்குச்சு. சனம் தோள்ல தூக்கிக்கிட்டு மில்லச் சுத்தி வந்துது. மறுநாள் காலையில கேட்டுக்குள்ள உடல. அந்தத் தொரைமாருல ஒருத்தன் தேடிக்கிட்டு வந்து கை குடுத்துட்டுப் போனானுங்க. மேனேசரு மூஞ்சியத்தான் பாக்க முடியல."

கண்ணாயி கேட்டுக்கொண்டு நின்றாள். சொல்லி முடித்ததும் விற்காமல் வைத்திருந்த நல்ல பழம் ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். வாங்க மாட்டேன் என்றான். பஸ்ஸில் வைத்துவிட்டு நடந்தாள்.

மலையேறி வீடு சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. சின்னான் உள்ளே உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான்:

"பழம் போச்சா?"

"போச்சுங்க. பஸ்ஸுக்காரரப் பாத்தேன்."

கத்தி நின்றது. "விசாரிச்சியா?"

"விசாரிச்சேன்."

"அப்ப என்னைய நம்பல."

"நம்பலீங்க" என்றாள் கண்ணாயி. "நம்பாமத்தான் எறங்கிப் போனேன். கேட்டுட்டேன். இனிமே நம்பறேன்."

குப்பாயி அடுப்படியிலிருந்து ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்னான் கத்தியைக் கீழே வைத்தான். முகம் கோணியது. கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"இனிமே நம்பி என்ன புள்ள? ஆட்டந்தான் போயிருச்சே."

கண்ணாயி சும்மாட்டுத் துணியை உதறி மடித்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். "அந்தக் கடைசிப் பந்து, பாதிக் களத்துல இருந்து போட்டீங்களாமே. எப்பிடிப் போட்டீங்க?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"நான் பாக்காத ஆட்டம். சொல்லுங்க."

அவன் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு, "மொதல்ல அவிய எங்க நின்னாங்கன்னு உனக்குத் தெரியோணும்" என்றான். மரச் செதுக்கல் ரெண்டை எடுத்துத் தரையில் வைத்தான். இங்கே ஒருத்தன், இங்கே ஒருத்தன். அடுப்படிதான் வளையம். சொல்லிக்கொண்டே வந்தவன் உட்கார்ந்து சொல்ல முடியாமல் எழுந்தான். கெட்ட முட்டியை ஒருமுறை தேய்த்துவிட்டு, ரெண்டு கையையும் சேர்த்து எம்பினான். விரல்கள் கூரையில் போய் இடித்தன. ஓலையிலிருந்து கரி பொலபொலவென்று உதிர்ந்து, திறந்திருந்த சாமைச் சோற்றின் மேல் விழுந்தது.

"ஊட்டப் பிரிச்சுப் போட்டறாதடா!" என்று குப்பாயி கத்தினாள்.

"சோறு வேற ஆக்கிக்கலாமுங்க அத்தை" என்றாள் கண்ணாயி. அவள் கண் அவன்மேலிருந்து நகரவில்லை. "நீங்க சொல்லுங்க. பந்து கையை உட்டுப் போயிருச்சு. அப்பறம்?"